சீடர் என்று சொல்லி எடிட்டரை மறைப்பது

ராஜாஜி, கல்கி பேச்சு வந்தாலே நம்மாட்கள் 'குரு, சீடன்' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். திருச்சியில் இது கொஞ்சம் கூடுதல். காரணம் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியது இங்கே, டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், டாக்டர், பின்னால் ராஜாஜி மந்திரிசபையில் அமைச்சர், 'நினைவு அலைகள்' எழுதியவர். 1921-இல் ஒத்துழையாமைக்காகக் கல்கி படிப்பை உதறியதும் இதே ஊர் நேஷனல் ஹைஸ்கூலில்தான். தலைவர், தொண்டர், தியாகம்... கதை ரெடி. மேடைக்கு இது போதும். புத்தகம் படிக்கிறவர்களுக்கு எப்படிப் போதும்?

இந்தக் கதையில் காணாமல் போவது வேலை. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் மதுவிலக்குக்காக 'விமோசனம்' வந்தபோது ராஜாஜி ஆசிரியர், கல்கி துணை. 1941-இல் கல்கியும் சதாசிவமும் சொந்தமாக வாரப் பத்திரிகை தொடங்குகிறார்கள். நாற்காலி இடம் மாறிவிட்டது. இப்போது ராஜாஜி எழுதிக் கொடுக்கிறவர், கல்கி வாங்கிப் போடுகிறவர். மகாபாரதம் 'வியாசர் விருந்து' என்று அங்கேதான் தொடராக வந்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்ட கையோடு ராஜாஜி ராமாயணத்தைத் தொடங்கியதும் அங்கேதான். 'சக்கரவர்த்தித் திருமகன்'.

வாரப் பத்திரிகைக்காக எழுதியது என்பது இரண்டு நூல்களையும் இன்று புரட்டினாலும் தெரியும். அத்தியாயங்கள் குட்டி குட்டியானவை. ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம். கதையை நிறுத்திவிட்டு வாசகரிடம் நேராக நாலு வார்த்தை, பிறகு மறுபடி கதை. இந்த அளவும் இந்தத் தொனியும் வானத்திலிருந்து விழவில்லை. இத்தனை பக்கம்தான், இந்தக் கிழமைக்குள்தான், சமையலறையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்கிற ஒரு பத்திரிகைக்குள் உட்கார்ந்து எழுதியது அது. கவர்னர் ஜெனரலாக இருந்தவருக்கும் கெடு கெடுதான்.

1954 டிசம்பர் 5 அன்று கல்கி இறந்தார். ராமாயணம் பாதியில் இருந்தது. அது நிற்கவில்லை, அடுத்த ஆண்டும் ஓடியது. ஆசிரியர் நாற்காலிக்கு வந்தவர் மீ.ப. சோமு, திருச்சி வானொலியில் வேலை பார்த்தவர். 1958-இல் அந்த நூலுக்கு சாகித்திய அகாதெமி பரிசு. பரிசைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஆசிரியர்களையும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

'கல்கியின் பக்தி உண்மைதானே' என்பீர்கள். உண்மைதான், என் புகாரே அதுதான். ராஜாஜிக்குக் கட்சிக்குள் எதிர்ப்பு கிளம்பியபோதும் கல்கியின் பேனா அவர் பக்கம் நின்றது. அரசியலில் அப்படி நிற்கிற ஒருவர் கைப்பிரதியை வாங்கி, 'இந்த இடம் சரியில்லை' என்று சொல்ல முடியுமா? கல்கிக்கு முடிந்திருக்கலாம், எழுத்தில் அவர் யாருக்கும் இளைத்தவரில்லை. ஆனால் குரு, சீடன் என்று ஆரம்பித்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வாய் வராது.

பக்தி இல்லாமலும் இந்த வேலை நடந்திருக்கிறது. காந்தி சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு மகாதேவ் தேசாயுடையது. 1940 பதிப்பின் முன்னுரையில் அவர் ஒரு விஷயம் சொல்கிறார்: மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் மொழிபெயர்ப்பைக் கவனமாகத் திருத்தித் தந்தார், பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் நிபந்தனை. அந்த நண்பர் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. மிதவாதி. ஒத்துழையாமையை எதிர்த்தவர். காந்தியின் அரசியலை ஏற்காத ஆளிடம் காந்தியின் வாழ்க்கை திருத்தப் போயிருக்கிறது! அவரும் வரி வரியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பெயரை அவரே மறைத்துக்கொண்டார், சரி. ஆனால் இப்படி ஒரு வேலை நடந்தது என்பது அச்சில் நின்றது.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். தலைவர் ஒருவரின் புத்தக வெளியீடு என்றால் சால்வைக்குப் பஞ்சமில்லை. உள்ளே அட்டை வடிவமைத்தவர், பக்கம் அமைத்தவர், அச்சகம், விலை எல்லாம் இருக்கும். எடிட்டர்? 'மெய்ப்பு' என்று ஒரு வரி இருந்தாலே பெரிய விஷயம். தலைவர் பேசியதைக் கேட்டு எழுதி, திரும்பத் திரும்ப வந்த பக்கங்களை வெட்டி, 'ஐயா, அது அந்த வருஷம் நடக்கலையே' என்று தயங்கித் தயங்கிச் சொன்ன பையனோ பெண்ணோ பின்வரிசையில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டால், 'அண்ணன் நம்மள நம்பிக் குடுத்தார், பேரெல்லாம் எதுக்கு' என்று பதில் வரும். அடக்கமாம். ஐயா தலையாட்டாமல் விட்டதால் தப்பான வருஷம் அப்படியே அச்சேறி, நாளைக்கு ஒரு ஆய்வேட்டில் மேற்கோளாகும்போது யாரிடம் போய்க் கேட்பது?

'சக்கரவர்த்தித் திருமகன்' மறுபதிப்பு போடுகிறவர்கள் தொடங்கி வைக்கலாம். 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது, அப்போதைய ஆசிரியர்கள் கல்கி, மீ.ப. சோமு. ஒரே வரி. விலைக்கு மேலே இடம் இருக்கிறது.