தராசு ஆடியது, ஃபாக்டரி ஓடவில்லை

கேரளத்தில் 1987 முதல் 2016 வரை நடந்த ஏழு சட்டசபைத் தேர்தல்களிலும் ஆட்சி கைமாறியது. ஒருமுறை இடது முன்னணி, மறுமுறை ஐக்கிய முன்னணி. அந்த வழக்கத்தை 2021 தேர்தல் உடைத்தது. 140 இடங்களில் 99ஐப் பிடித்து பினராயி விஜயன் மீண்டும் முதல்வரானார். ஒரே அணியிடம் ஆட்சி தங்கிவிட்டால் தட்டிக் கேட்பது யார் என்ற கவலை உடனே எழுந்தது.

கவலையில் நியாயம் உண்டு. 1991ல் தி.மு.க.வுக்கு 2 இடங்களும், 1996ல் அ.தி.மு.க.வுக்கு 4 இடங்களும் மட்டுமே கிடைத்த சபைகளைத் தமிழகம் பார்த்திருக்கிறது. எதிர்வரிசை காலியாக இருந்தால் ஆளும் வரிசைக்குக் கூச்சம் போய்விடும். ஆனால் இரு வரிசையும் நிரம்பியிருந்தால் மட்டும் போதுமா? பதில் தேடி போனக்காடு வரை போக வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது இந்தத் தேயிலைத் தோட்டம். மலையேறுபவர்களுக்கு இது பயணம் தொடங்கும் இடம். நகரத்து இளைஞர்களுக்குப் 'பேய் பங்களா' இருக்கும் ஊர். லயங்களில் வசிக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கோ, சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் வராமல் நின்றுபோன ஊர். தோட்டம் 2000களின் தொடக்கத்தில் நொடித்தது. ஃபாக்டரி இயந்திரங்கள் துருப்பிடித்தன.

2025 வரை அமலில் இருந்த 1951ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுப்பது முதலாளியின் கடமை. முதலாளி கைவிட்டால், ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு என்பதே சிக்கலாகிவிடும். லயம் பஞ்சாயத்தின் சொத்தல்ல, தொழிலாளியின் சொத்துமல்ல. கிராஜுவிட்டி வராமல் வீட்டைக் காலி செய்யவும் வழியில்லை.

போனக்காடு, விதுரா பஞ்சாயத்தைச் சேர்ந்தது, தொகுதி அருவிக்கரை. 2011ல் வென்ற காங்கிரஸின் ஜி.கார்த்திகேயன் சபாநாயகராகவே இருந்தார். ஆட்சியும் அவர் கட்சி தலைமையில்தான். 2016ல் காங்கிரஸ் எம்.எல்.ஏ., இடதுசாரி அரசு. 2021ல் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ., மார்க்சிஸ்ட் முதல்வர். பத்தாண்டில் மூன்று விதமான ஜோடி! ஆளும் தரப்பில் ஆள் இருந்தும் பார்த்தாகிவிட்டது, எதிர்த்தரப்பில் இருந்தும் பார்த்தாகிவிட்டது. ஃபாக்டரி ஓடவில்லை.

காரணம், தோட்டத்துக்குள் தராசே வேறு மாதிரி. ஐ.என்.டி.யு.சி. காங்கிரஸுக்கு, சி.ஐ.டி.யு. மார்க்சிஸ்டுக்கு, ஏ.ஐ.டி.யு.சி. கம்யூனிஸ்டுக்கு நெருக்கம். கூலிப் பேச்சில் முதலாளி, தொழிற்சங்கம், அரசு என்று மூன்று நாற்காலிகள். சங்கத்தின் தாய்க்கட்சி கோட்டையில் அமர்ந்துவிட்டால் இரண்டு நாற்காலிகள் ஒன்றாகிவிடுகின்றன. தன் கட்சி மந்திரியைச் சங்கத் தலைவர் எவ்வளவு தூரம் நெருக்குவார்? ஆட்சி மாறினால் மௌனம் ஒரு சங்கத்திலிருந்து இன்னொரு சங்கத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் மூணாறு தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது, எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கிவிட்டு 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தார்கள். கட்சிக்காரர்களை விரட்டியவர்கள், வி.எஸ்.அச்சுதானந்தனை மட்டும் அருகே உட்கார விட்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் ஜெயித்தும் காட்டினார்கள். பின்னர் அந்த ஒற்றுமை பிளந்தது, கட்சிகள் அதை விழுங்கின என்பதும் உண்மை.

மூணாறில் கொழுந்து பறிக்காமல் கைகட்டி நிற்க முடிந்தது; கம்பெனி பதறியது. போனக்காட்டில் நிறுத்துவதற்கு வேலையே இல்லை. வேலைநிறுத்தம் என்ற ஆயுதமும் போய், மிச்சமிருப்பது விரல் விட்டு எண்ணும் ஓட்டுகள்தான். அதனால்தான் சட்டசபைக் கணக்கில் சமநிலை பிறந்தாலும் இங்கே அதன் நிழல்கூட விழுவதில்லை. யார் ஆண்டாலும் பாக்கியை வசூலித்துத் தரும் தொழிலாளர் துறையும், எந்தக் கொடிக்கும் கடன்படாத ஒரு சங்கமும் வேண்டும். இல்லாவிட்டால், 99 இடம் பிடித்தவர்களும் 41 இடம் பிடித்தவர்களும் லயத்தின் வாசலில் ஒரே கட்சிதான்.