பாண்டியாவின் பேரேடு

நம் சினிமா வில்லன்களுக்கு ஒரு காலத்தில் தனித்தனி டூட்டி இருந்தது. நம்பியார் என்றால் கையைப் பிசைய வேண்டும். வீரப்பா என்றால் இடி மாதிரி சிரிக்க வேண்டும். அசோகன் என்றால் வார்த்தையை இழுத்து இழுத்துப் பேச வேண்டும். பார்த்ததும் குழந்தைகூட 'கெட்டவன் வந்தாச்சு' என்று சொல்லிவிடும்.

2003-ல் கௌதம் மேனனின் 'காக்க காக்க' வந்தது. அதில் பாண்டியாவாக வந்த ஜீவன் இந்த மாமூல் எதையும் செய்யவில்லை. நீள முடி, தாடி, கரகரத்த குரல், அவ்வளவுதான். அவன் வாயைத் திறந்தால் தியேட்டரில் முறுக்கு கடிக்கும் சத்தம் நின்றுபோனது.

பயத்துக்குக் காரணம் முடி அல்ல. அவனிடம் ஒரு நியாயம் இருந்தது, அதுதான். போலீஸ் அவன் அண்ணனைச் சுட்டது. பதிலுக்கு அவன் போலீஸ்காரர்களின் குடும்பங்களைக் குறிவைக்கிறான். நண்பன் ஸ்ரீகாந்தின் மனைவியைக் கடத்தி, அன்புச்செல்வன் (சூர்யா) தங்கியிருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறான். மாயா (ஜோதிகா) சாகிறாள். அன்புச்செல்வன் பாண்டியாவைக் கொல்கிறார். காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது சுத்தமான இரட்டைப் பதிவு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. இரண்டு பேரும் எழுதியது ஒரே பேரேட்டில்தான். நாம் ஒரு பக்கத்துக்கு மட்டும் கை தட்டினோம்.

எதிர்வீட்டு நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "கோர்ட்டு, கேஸுன்னு போனா இருபது வருஷம் ஆகும் சார். பட்டுனு போட்டுடணும்!"

"போன மாசம் உங்க ஸ்கூட்டரை ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போனாங்களே?"

"அநியாயம் சார் அது! நான் சொல்ல வந்ததைக் காதுலயே வாங்கலை!"

பாண்டியாக்களும் அதைத்தான் சொல்லக்கூடும், சொல்ல விட்டால்! 2014-ல் சுப்ரீம் கோர்ட் இதற்கு 16 விதிகள் போட்டது. என்கவுன்ட்டரில் ஆள் செத்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சுட்ட குழுவே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீஸோதான் விசாரிக்க வேண்டும். சுட்ட சூட்டோடு சூடாக பிரமோஷனும் கிடையாது.

சினிமாவில் ஒரு சௌகரியம். யார் வில்லன் என்று டைரக்டரே சொல்லிவிடுவார். ஸ்ரீகாந்தாக வந்த மறைந்த டேனியல் பாலாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் நல்ல போலீஸ். 2006-ல் அதே கௌதம் மேனன் 'வேட்டையாடு விளையாடு'வில் அவரைக் கொடூரக் கொலைகாரன் ஆக்கினார். முகம் அதேதான். அப்போதும் நம்பினோம், இப்போதும் நம்பினோம். தெருவில் யார் எப்படிப்பட்டவர் என்று சொல்ல டைரக்டரும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது.

2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிக்கப்பட்டு ஒரு தந்தையும் மகனும் இறந்தார்கள். கடை அடைக்கும் நேரத்தில் ஆரம்பித்த விவகாரம் அது. 'சாமி', 'சிங்கம்' எடுத்த டைரக்டர் ஹரி, போலீஸைப் புகழ்ந்து ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அப்போது அறிக்கை விட்டார். கை தட்டிய நாம் யாரும் அறிக்கை விடவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"எல்லாம் சரி சார்... அந்த ஸ்டேஷன்ல உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"