எட்டாத பிடியும் இறந்தோர்மீது பழியும்

விமானமொன்று வீழ்ந்து நொறுங்கியதும் உலகம் முதலில் உச்சரிப்பது ‘விமானியின் தவறு’ என்பதையே. இறந்தவன் மறுமொழி கூறான். அவன்மீது பழிசுமத்துதல் எளிது. ஆயின், அவனைத் தவறச்செய்த கருவியை அமைத்தவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

சிறு விமானங்களிலுள்ள எரிபொருள் தெரிவுப்பிடி இதற்குத் தக்க சான்றாகும். எந்தத் தாங்கியிலிருந்து இயந்திரத்துக்கு எரிபொருள் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இப்பிடியே. 1997 ஒக்டோபர் 12 ஆம் திகதி அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், கலிபோர்னியாக் கரையோரக் கடலில் தமது லோங் ஈசி விமானத்துடன் வீழ்ந்து மாண்டார். அதனை வடிவமைத்த பேர்ட் ரூட்டான் இப்பிடியை விமானியின் கால்களுக்கிடையே வைத்திருந்தார். கட்டியவரோ அதனை இடத்தோளுக்குப் பின்னே கொண்டுசென்றார். எந்நிலை எந்தத் தாங்கிக்குரியது என்ற குறியீடும் இருக்கவில்லை. அதனைத் திருப்ப முயல்பவர் உடலை முறுக்கவேண்டும். அவ்வேளை வலக்கால் தன்னையறியாமலே சுக்கான் மிதியை அழுத்திவிடும்.

விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை யாது கூறிற்று? விமானியின் கவனச்சிதறலும், மிதியை அழுத்தியமையும், எரிபொருள் நிரப்பாமையும் காரணங்களாயின. பிடியின் இடமோ வெறும் துணைக்காரணியாயிற்று. எரிபொருள் நிரப்பாமை அவர் குற்றமே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் கவனத்தைச் சிதறடித்ததே அப்பிடியன்றோ? விளைவைக் காரணமென்றும், காரணத்தைத் துணையென்றும் வகுத்தல் நீதியாகாது.

இவ்வுண்மை புதியதுமன்று. 1947 இலேயே போல் பிற்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகியோர் ‘விமானியின் தவறு’ எனப்பட்ட 460 அனுபவங்களை ஆராய்ந்து, கட்டுப்பாட்டுக் கருவிகளின் அமைப்பே பல தவறுகளுக்கு வித்திட்டதெனக் காட்டினர்.

வானசாகச விமானங்களில் இக்குறை மேலும் கொடியது. எக்ஸ்ட்ரா 300 போன்றவற்றில் சிறகுத் தாங்கிகள் நெடும்பயணத்துக்குரியவை. சாகசத்தின்போது நடுத்தாங்கியையே பயன்படுத்தவேண்டும். தெரிவு பிழைத்தால், தலைகீழாய்ப் பறக்கையில் இயந்திரம் எரிபொருளின்றி அடங்கிவிடலாம். விமானியோ தோளும் இடுப்பும் பட்டிகளால் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பவன். முன்னே குனியவும் பின்னே திரும்பவும் இயலாத அவனிடம், எட்டாத பிடியைத் திருப்பென்பது கொடுமையன்றி வேறென்ன?

தேர்ந்த விமானிக்கு எதுவும் பழகிவிடும் என்பர் சிலர். பழக்கம் அமைதியான வேளையில் துணைசெய்யும். இயந்திரம் நின்றுபோன கணத்திலோ கை பழைய விமானத்தின் பிடியையே தேடும். எரிபொருட் குழாயை விமானியருகே கொண்டுவருதல் ஆபத்தென்பர் வேறு சிலர். குழாய் வரவேண்டியதில்லை, வால்வு எங்கிருப்பினும் ஒரு தண்டினால் அதன் பிடியை முன்னே கொண்டுவரலாம்.

வேண்டுவன மிகச்சிலவே: பட்டிகளை இறுக்கிய நிலையிலும் பிடி கண்ணுக்குத் தெரியவேண்டும், கைக்கு எட்டவேண்டும், தாங்கியைச் சுட்டும் முள் இருக்கவேண்டும், ஒவ்வொரு நிலையும் விரலுக்குப் புலப்படவேண்டும், தனிச்செயலொன்றின்றி ‘மூடல்’ நிலைக்குச் செல்லலாகாது. தொழிற்சாலைகளில் ஆக்கப்படும் சிறு விமானங்களுக்கு அமெரிக்க விதிகள் இவற்றையொத்த நிபந்தனைகளை நெடுங்காலம் விதித்திருந்தன. வீட்டில் கட்டப்படும் விமானங்களை அவை கட்டுப்படுத்தவில்லை. உயிர் மட்டும் இருவகைக்கும் ஒன்றே.

மனிதன் தவறுவான் என்பதை அறிந்தே கருவி செய்யப்படவேண்டும். அவன் தவறவே மாட்டான் என எண்ணிச் செய்தவன், தவறிய பின்னர் அவனைப் பழித்தல் அறமன்று.