மஞ்சள் சொண்டு மலைக்காகமும் எங்கள் இளைப்பும்



போன இதழில் இரவுத் தூக்கத்தைப் பற்றி எழுதியபோது, அடுத்ததாகப் பரீட்சைக்காலச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவோம் என்று சொல்லியிருந்தோம். அது கொஞ்சம் பொறுக்கட்டும். கோடையில் யுங்ஃப்ராவ்யோக்குக்குப் போய்வந்த இளையோர் பயணத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லவேண்டும். அதில் ஒரு பறவையும் வருகிறது, எங்கள் பிழை ஒன்றும் வருகிறது.

1912இல் திறந்த அந்த ரயில் ஐகர் மலையைக் குடைந்துகொண்டு மேலே போகிறது. இறங்கும் நிலையம் 3454 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் அதைவிட உயரமான ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து லிஃப்டில் பார்வைமேடைக்குப் போனால் 3571 மீற்றர். எங்களுடன் வந்திருந்த அம்மம்மா ஒருவர் மேடைக்கு வந்ததும் பனியைப் பார்க்கவில்லை, கம்பியில் இருந்த கறுப்புப் பறவைகளைத்தான் பார்த்தார். “அட, இங்கேயும் காகமோ?” என்றார். கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, “சொண்டு மஞ்சளாய் இருக்குதே பிள்ளை, மைனாவுக்குப் பிறந்ததோ?” என்று கேட்டார். எல்லோருக்கும் சிரிப்பு.

அம்மம்மா முதலில் சொன்னதுதான் சரி, அது காகக் குடும்பம்தான். இங்குள்ளவர்கள் பெர்க்டோலே என்றும் ஆல்பென்டோலே என்றும் சொல்வார்கள். தமிழில் பெயர் வேண்டும் என்பதால் நாங்கள் மலைக்காகம் என்று வைத்துக்கொண்டோம். ஊர்க்காகத்தைவிடச் சிறிது மெலிவு, மஞ்சள் சொண்டு, சிவப்புக் கால். கரையாது, சீழ்க்கை அடிக்கும். இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. அதன் சொண்டு நீண்டு வளைந்து சிவப்பாக இருக்கும். அதை இந்த நாட்டில் காண்பது அரிது. வாலிஸ் பக்கம் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

அதன் பறப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையில் மோதி மேலே எழும் காற்றில் செட்டையை விரித்தபடி நிற்கும். பிறகு செட்டையை மடித்துக்கொண்டு கல் விழுவதுபோல் பள்ளத்தில் விழும். எங்கள் பெடியன்கள் மேடையில் ஒரு மணி நேரம் நின்றதற்குக் காரணம் பனியும் இல்லை, செல்ஃபியும் இல்லை, இந்த விளையாட்டுத்தான்.

பெடியன்களில் ஒருவர் சிப்ஸ் ஒன்றை நீட்ட, ஒரு பறவை கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனது. ஆனால் தின்னவில்லை. பாறை வெடிப்பில் சொருகி, மேலே சின்னக் கல் ஒன்றைத் தூக்கி வைத்தது. ஒளித்துவைப்பது இவற்றின் பழக்கம். பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர், “அக்கா, காகங்களுக்குக் களஞ்சியம் இல்லை என்று லூக்கா 12இல் இயேசு சொல்லுகிறாரே, இது என்ன?” என்று கேட்டார். நல்ல கேள்வி. கல்லுக்குக் கீழே ஒரு சிப்ஸ் வைத்ததைக் களஞ்சியம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த வேளைக்குப் பொதிகட்டி வைப்பதும் பத்து வருடத்துக்குச் சேர்த்துவைப்பதும் ஒன்றல்ல என்றுதான் சொன்னோம். அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. உங்களில் யாருக்கும் நல்ல பதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

இனி எங்கள் பிழை. பார்வைமேடையிலிருந்து இறங்கி, மலைக்குடிலுக்குப் போகும் பனிப்பாதையில் நடந்தோம். 17 வயதுத் தங்கை ஒருத்தி பத்து நிமிடத்தில் பின்தங்கி, கொஞ்ச நேரத்தில் பனியிலேயே இருந்துவிட்டாள். இளைத்தது. “இவள் எப்போதும் இப்படித்தான், பஸ்ஸுக்கும் ஓடமாட்டாள்” என்று பகிடி பண்ணினார்கள். நாங்களும் சிரித்தோம். பையில் இருந்த விரல் கருவியை மாட்டிப் பார்த்தபோது 88 காட்டியது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மற்றவர்களுக்கும் 87, 89 என்றே இருந்தது. பயமில்லை என்று சொல்லிக் கையைப் பிடித்து எழுப்பி, இன்னும் நடக்கவைத்தோம். நாடித்துடிப்பு 134 என்றும் அதே கருவி காட்டியது. அதை நடையின் களைப்பு என்று எடுத்துக்கொண்டோம். கொஞ்சத் தூரத்தில் கண் இருட்டுகிறது என்றாள். அப்போதுதான் திரும்பினோம்.

வைத்தியசாலையில் ஒவ்வொரு நாளும் அந்தக் கருவியோடு வேலை செய்கிற எங்களுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். ஒட்சிசனைச் சுமக்கும் வண்டிகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று மட்டுமே அது சொல்லும். எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்று சொல்லாது. அடுத்த கிழமை குடும்ப வைத்தியரிடம் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈமோகுளோபினும் குறைவு, இரும்புச் சத்து அதைவிடக் குறைவு. இருந்த சில வண்டிகளை வைத்து அவளுடைய இருதயம் ஓடிக்கொண்டிருந்தது. பல மாதங்களாக அவள் சோம்பேறி இல்லை, சுகமில்லாத பிள்ளை. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவளே சொன்னாள். அவளும் அவளுடைய அம்மாவும் வாசித்துச் சரி என்ற பிறகே இது அச்சுக்குப் போகிறது.

கீழே இறங்க ரயிலுக்காகக் காத்திருந்தபோது கண்ணாடிக்கு வெளியே அந்தப் பறவைகள் அதே காற்றில் விளையாடிக்கொண்டிருந்தன. தங்கைக்கு எரிச்சல். “இதுகளுக்கு மட்டும் ஏன் இளைக்கவில்லை?” என்று கேட்டாள். அன்று அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஒழுங்காகச் சொல்கிறோம்.

பறவைகளின் நுரையீரல் எங்களுடையதைப் போல ஊதிச் சுருங்கும் பை அல்ல. காற்று அதனூடாக ஒரே திசையில் போகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்றுக் கிடைக்கிறது. இது எல்லாப் பறவைக்கும் பொது. உயரத்தில் குடியிருக்கும் மலைக்காகத்துக்கு ஆயத்தம் முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, குஞ்சு அவற்றால்தான் மூச்சு விடுகிறது. மெல்லிய காற்றில் அதே துளைகளால் ஈரம் கெதியாகப் போய்விடும். ஆகவே இதன் முட்டையில் துளைகள் குறைவு. துளை குறைந்தால் ஒட்சிசனுக்குத் தட்டுப்பாடு வராதா? வெளியே வருமுன்பே குஞ்சின் இரத்தத்தில் ஒட்சிசனை இறுகப் பிடிக்கும் ஈமோகுளோபின் இருக்கிறது. பழகி வருவதல்ல, பிறப்பிலேயே உள்ளது. இமயமலையில் 6500 மீற்றர் வரை இவை கூடு கட்டுகின்றன. எவரெஸ்ட் ஏறியவர்களின் பின்னால் 8200 மீற்றரிலும் இவற்றைக் கண்டிருக்கிறார்கள். எங்கள் உடம்பு அப்படி இல்லை. செங்குழியங்களைக் கூட்டிக்கொள்ள அதற்குக் கிழமைகள் வேண்டும், இரும்பும் வேண்டும்.

இவ்வளவு ஆயத்தம் இருந்தும் அது தனியாக வாழ்வதில்லை. சோடி பிரியாது. சோடிகள் சேர்ந்து கூட்டமாகவே திரியும். கூட்டைவிட்டு வந்து கூட்டத்தோடு சேர்ந்த குஞ்சுக்குத் தாய் தகப்பன் மட்டுமல்ல, மற்றப் பெரிய பறவைகளும் தீத்துவதுண்டு. குளிர்காலத்தில் பகலில் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இறங்கிவந்து தேடித் தின்றுவிட்டு, பின்னேரம் பாறைக்கே ஏறிவிடும். மாலை நேர வேலைக்குப் போகும்போது பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று அந்தக் கூட்டம் மேலே போவதைப் பார்ப்போம். எங்களுக்கு வேலை தொடங்கும், அதற்கு முடியும்.

தங்கை இப்போது இரும்புக் குளிசை எடுக்கிறாள். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிப்பதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டார்களாம். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, தேசிக்காய்ப்புளி சேரவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாடிப்படியில் இளைக்கிறது, தலை சுற்றுகிறது, எப்போதும் களைப்பு என்றால் அதைப் பகிடியாக்கவேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் அதிகம் போகிற பிள்ளைகள் கட்டாயம் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம்.

அடுத்த பயணம் சென்டிஸ் மலைக்கு, 2502 மீற்றர். பதிவுப் படிவத்தில் களைப்பைப் பற்றியும் இளைப்பைப் பற்றியும் இரண்டு கேள்விகள் சேர்த்திருக்கிறோம், உண்மையாக நிரப்புங்கள். அங்கேயும் மலைக்காகம் வரும். சிப்ஸ் பொதிகள் பைக்குள்ளேயே இருக்கட்டும். உப்பும் எண்ணெயும் அதற்கான தீன் அல்ல. கோடையில் புல்வெளியில் வெட்டுக்கிளியும் வண்டும் அதற்குத் தாராளம். அம்மம்மாவும் பெயர் கொடுத்துவிட்டார். ஊரில் அயல் சனமெல்லாம் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடும், தான் கொண்டுவரும் பணிஸில் ஒரு நுள்ளு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று இன்னும் எங்களோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்.