நின்றுவிட்டால் போதுமா?

இந்த வார எபிசோடில் 'ஃபெயில்-சேஃப்' பற்றிக் கதைத்தபோது ரயில் சிக்னலை ஒரே நிமிடத்தில் கடந்து போய்விட்டோம். அதுக்குக் கொஞ்சம் இடம் குடுக்கவேணும்.

1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் செய்தது இதுதான்: தண்டவாளத்தின் ஒரு துண்டில் மெல்லிய மின்சாரத்தை ஓடவிட்டார், மறுமுனையில் ஒரு ரிலே. மின்சாரம் வந்து சேர்ந்தால் பாதை காலி. ரயில் ஏறினால் அதன் சில்லுகளும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் ஷோர்ட் பண்ணும், ரிலே விழும், சிவப்பு. பற்றரி செத்தாலும் சிவப்பு, வயர் அறுந்தாலும் சிவப்பு. கடுங்குளிரில் தண்டவாளம் சுருங்கி முறிந்தாலும் பெரும்பாலும் சிவப்புத்தான். ஜனவரியில் 'சிக்னல் பிரச்சினை' என்று அறிவிக்கும்போது சிலவேளை அந்த ரிலே தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. (தெரிந்தும் நான் திட்டுவேன், அது வேற கதை.)

ஆனால் இதுக்குள்ள ஒரு பழைய எண்ணம் ஒளிந்திருக்கிறது: ரயில் நின்றால் ஆபத்து முடிந்தது.

2022 டிசம்பர் 23, பனிப்புயல். ஒட்டாவாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த வியா ரயில், கோபேர்க் அருகே மரம் விழுந்து நின்றது. ஆட்கள் இரவு முழுக்க உள்ளேயே. சாப்பாடு தீர்ந்தது, கழிவறைகள் நிரம்பின என்று பயணிகள் சொன்னார்கள். அடுத்த நாள் அதே பாதையில் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டது, நத்தார் ஓட்டங்களும் போச்சு. வியா ஓடும் பாதையில் சுமார் 3% தான் அதுக்குச் சொந்தம். மிச்சம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பனிகளுடையது.

இருட்டில், பனிக்குள், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆட்களை இறக்குவது ஆபத்து என்பது நியாயமான பதில். நானும் இறக்கமாட்டேன். ஆனால் அந்த முடிவை ஒவ்வொரு மணித்தியாலமும் புதிதாக எடுக்கக்கூடாது. நான் ஒன்-கோல் செய்யும் இடங்களில், சேர்வர் விழுந்து இவ்வளவு நேரத்தில் எழும்பாவிட்டால் யாரை எழுப்புவது என்று முதலே எழுதி வைத்திருப்போம். கனடாவில் விமானத்துக்கும் அப்படி ஒன்று உண்டு: ஓடுபாதையில் 3 மணித்தியாலம் காத்திருந்தால், சில விதிவிலக்குகளோடு, பயணிகளை இறங்க விடவேண்டும். 2019-இலிருந்து சட்டம். அந்த இரவு ரயிலுக்கு அப்படி ஒரு விதி இருக்கவில்லை. மாற்று எஞ்சின் எங்கே நிற்கும், எந்த லெவல் கிராஸிங்குக்கு பஸ் வரமுடியும், ஹீட்டர் நின்றால் என்ன, இதெல்லாம் புயல் வருவதற்கு முதல் எழுதக்கூடிய விஷயங்கள்.

அம்மா இன்னும் ரயிலை 'கோச்சி' எண்டுதான் சொல்லுவா. மொன்றியலில் இருந்து வரும்போது ஃபிளாஸ்க், பிஸ்கட், இரண்டு நாளைக்கு நீரிழிவுக் குளிசை எல்லாம் கட்டிக்கொண்டு வருவா. "ஆறு மணித்தியாலப் பயணத்துக்கு என்னத்துக்கம்மா இவ்வளவும்?" எண்டு முந்தி சிரிப்பேன். இப்ப நானே ஒரு போர்வையும் வைச்சு விடுறன்.

உங்கட எம்பிக்கு எழுதுவதென்றால் ஒன்றை மட்டும் கேளுங்கோ: ரயில் நின்று எத்தனையாவது மணித்தியாலத்தில், யார் முடிவெடுப்பார்?