பாலத்தில் நிற்க யாருக்கு நேரமிருக்கிறது?

வெளியூர்த் தோழிகள் வந்து "உங்க ஊரைச் சுத்திக் காட்டுங்க" என்றால் திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் முழிப்போம். மதுரைக்கு வைகையும் கோபுரமும் உண்டு, தஞ்சாவூருக்குப் பெரிய கோயில். நமக்கு? முழித்த பிறகு எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வோம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் குமரன் நினைவகம், காதர்பேட்டை பனியன் கடைகள், நொய்யல் பாலம், சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீஸ்வரர் கோயில், பறவை பார்க்க நஞ்சராயன் குளம். இப்போது இதையே "பாரம்பரிய நடை" என்று காலையில் கூட்டிப்போகிறார்கள். நானும் போயிருக்கிறேன். நடப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே வரும் கதையோடுதான் என் சண்டை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஆண் நிற்கிறார். சிலையாக, மில் முதலாளியாக, தொழிற்சங்கத் தலைவராக, ஒற்றை மெஷினில் தொடங்கிக் கோடீஸ்வரரான அண்ணாச்சியாக. சாப்பாட்டுக் கூடையோடு கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்களைத் தாண்டித்தான் அந்த நடையே போகிறது. அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. "வழி விடுங்கம்மா" என்பதைத் தவிர.

குமரனிடமிருந்தே தொடங்குவோம். 1932 ஜனவரி 10 ஊர்வலத்தில் கொடியை விடாமல் தடியடி வாங்கினார், மறுநாள் உயிர் போனது. அந்தத் தியாகத்தில் ஒரு குன்றிமணி அளவும் நான் குறைக்கவில்லை. ஆனால் காங்கிரஸ் இந்த ஊரில் அத்தனை வேர் பிடித்ததற்குக் கதர் ஒரு பெரிய காரணம். அகில பாரத நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. கதர் நெய்ய நூல் வேண்டும். அந்த நூலை நூற்றவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். வீட்டு வேலை முடித்து, காட்டு வேலையும் முடித்து ராட்டையில் உட்கார்ந்தவர்கள். கூலி எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், நூற்பவருக்குப் பிழைக்கிற அளவாவது கூலி தர வேண்டும் என்று 1935இல் காந்தியே தன் சொந்தச் சங்கத்திடம் வாதாட வேண்டியிருந்தது. கதர் விலை ஏறிவிடுமே என்பதுதான் எதிர்த்தரப்பின் கவலை. இன்று வெளிநாட்டு பையரின் பேரைச் சொல்லிக் கம்பெனிகள் பாடும் அதே பாட்டு. ராட்டைக்காரிகளுக்கு இந்த ஊரில் ஒரு கல்கூட நடவில்லை. குமரனின் மனைவி ராமாயியின் பெயராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். "இளம் மனைவியை விட்டுச் சென்றார்" என்று முடித்துக்கொண்டார்கள். அரசியலுக்குப் பெண்களே வராத காலம் என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து ஈரோட்டில் 1921லேயே நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஊர் இன்றும் பெருமையாகச் சொல்லும் போராட்டம். அதற்குப் பிறகு ஏற்றுமதி பெருகப் பெருக, கம்பெனிகளின் கண் பெண்கள் பக்கம் திரும்பியது. சங்கம் வைக்க மாட்டார்கள், குறைந்த கூலிக்கு வருவார்கள் என்ற கணக்கு. வேலையையும் பிரித்துவைத்தார்கள். கட்டிங் மாஸ்டர் என்றால் ஆண். பெண்ணுக்குக் கைமடி, பிசிறு வெட்டுவது, செக்கிங். நாள் முழுக்க நின்றபடி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஊசி ஓட்டையைக்கூட விடாமல் பிடிக்கிறவளின் கண்ணுக்குத் திறமை என்று பேரில்லை. "ஹெல்பர்" என்று எழுதிக் கூலி போடுகிறார்கள்.

பாலத்துக்கு வருவோம். அங்கே சொல்லப்படும் நொய்யல் கதை எனக்கு மனப்பாடம். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரிக்குப் போகிற ஆறு. சாயப்பட்டறைக் கழிவில் செத்தது. 1992இல், குமரன் பிறந்த சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எல்லாம் சரி. கிணறும் போரும் உப்பாகிப் போன ஊர்களில் நல்ல தண்ணிக்குக் குடத்தோடு நடந்தது யார்? லாரித் தண்ணிக்காக வேலைக்கு லேட்டாகி அரை நாள் கூலி இழந்தது யார்? பட்டறைகள் மூடியபோது, அன்றாடக் கூலியை நம்பிக் கந்து கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வாசலில் நின்று பதில் சொன்னது யார்? எந்த நஷ்டக் கணக்கிலும் இதெல்லாம் ஏறியதில்லை.

இன்னொன்று. பாலம் நல்ல இடம், ஊர் தெரியும் என்கிறார்கள். நின்றால்தானே தெரியும்? ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறவளுக்கு அடுப்பு காத்திருக்கிறது. அவள் அஞ்சு நிமிஷம் பாலக் கைப்பிடியைப் பிடித்து நின்றால் ஒரு வண்டியாவது வேகம் குறைத்து உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போகும். மும்பையைப் பற்றி ஷில்பா பட்கேவும் சமீரா கானும் ஷில்பா ரானடேவும் 2011இல் புத்தகமாகவே எழுதினார்கள். காரணமே இல்லாமல் தெருவில் சும்மா நிற்பதும் பெண்ணின் உரிமை என்று. மில் விடுதிகளில் இருக்கும் பெண்களுக்கு அதெல்லாம் வேற்றுக் கிரகத்துச் சேதி. சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்து, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, கேட்டுக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். எத்தனையோ பெண்கள் இங்கே வருஷக்கணக்கில் இருந்துவிட்டு இந்த ஊரை ஒருமுறைகூட முழுசாகப் பார்க்காமல் திரும்பியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பேரைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். வார்டனும் அவுட்பாஸும் போய்விடவில்லை.

அதனால் நடையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். சனிக்கிழமை சம்பளம் கையில் இருக்கும், துணி துவைத்து முடித்திருப்பார்கள். வழிகாட்டச் செக்கிங் பெண்களையே கூப்பிடுங்கள், கூலி கொடுத்து. வழியில் தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்க வேண்டும். ஆற்றோரம் உட்கார நாலு பெஞ்ச் போடச் சொல்லி மாநகராட்சியில் மனுக் கொடுப்போம். விடுதிப் பெண்கள் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் வரட்டும். வார்டனும் வரலாம், பேர் கூப்பிட்டு எண்ணாமல் கூட நடப்பதாக இருந்தால்.