கயிறும் கைப்பேசியும்

குடியால் ஈரல் கெட்டவனுக்கு வைத்தியர்கள் சொல்லும் முதல் மருந்து குடியை அடியோடு நிறுத்துவதேயாகும். கொழுப்பு மாத்திரம் ஏறிய ஈரல், நிறுத்திய சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பக் கூடும். தழும்பேறிச் சுருங்கிய ஈரல் முழுதும் திரும்பாதென்றாலும் ஆயுள் நீளும். ஆனால் நிறுத்த வழி என்னவென்றால், நம் ஜனங்கள் கோவிலுக்கு அழைத்துப் போய்க் கையில் கயிறு கட்டி, "இனிக் குடித்தால் சாமி இரத்தம் கக்க வைக்கும்" என்று பயமுறுத்தி அனுப்பி விடுகிறார்கள்.

இரத்தம் கக்கத்தான் கக்குகிறான். ஈரல் இறுகிப் போனபின் அதன் வழியே செல்ல வேண்டிய இரத்தம் உணவுக் குழாயின் இரத்த நாளங்களில் திரண்டு வெடிப்பதனால் வருவது அது. நம் சாமியின் பெயரையே கேட்டிராத தேசத்தானும் அப்படித்தான் கக்குகிறான். அன்றியும், தினந்தோறும் மிதமிஞ்சிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியவனைச் சாமி குற்றமென்று வேப்பிலை அடித்துக் கொண்டிருந்தால் உயிர் தங்குமா என்று கேட்கிறோம்.

நிற்க. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 'ஏ-செஸ்' என்னும் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்தார்கள். மனம் தடுமாறும் சமயம் ஒரு பொத்தானை அழுத்தினால் உதவிக்கு ஆள் கிடைக்கும். பழைய கடைப் பக்கம் கால் போனால் அது எச்சரிக்கும். குடிச் சிகிச்சை விடுதியிலிருந்து வீடு திரும்பிய 349 பேரில் ஒரு பகுதியாருக்கு மாத்திரம் இதை 8 மாதம் கொடுத்துப் பார்த்து, 2014-ல் கணக்கை வெளியிட்டார்கள். அளவு மீறிக் குடித்த நாள், 30 நாளில் சராசரியாக, செயலி பெற்றவர்களுக்கு 1.39, பெறாதவர்களுக்கு 2.75. இவர்கள் ஈரல் நோயாளிகளென்று பொறுக்கப்பட்டவர்களல்லர். ஈரல் நோயாளிகளுக்கென்றே, ஊதினால் குடித்ததைக் காட்டும் சிறு கருவியோடு கூடிய செயலியை லண்டனில் சோதித்திருக்கிறார்கள்.

"இதுவும் ஒரு புதுக் கயிறுதானே?" என்று சில பக்தர்கள் கேட்கலாம். கயிறு கட்டினவர் இத்தனை பேர், கட்டாதவர் இத்தனை பேர், அவர்களில் தேறினவர் எத்தனை பேர் என்று எந்தப் பூசாரியாவது கணக்குக் காட்டினதுண்டா? செயலி பிரயோஜனப்படாவிட்டால் எறிந்துவிட்டு வேறொன்று தேடுவார்கள். சாமி பலிக்காவிட்டாலோ குற்றம் குடிகாரன் தலையில்! மேலும், செயலியில் மந்திரம் ஒன்றுமில்லை. பொத்தானுக்கு மறுபுறம் ஒரு மனிதன் இருப்பதே விசேஷம். வைத்தியரின்றி அது மாத்திரம் ஈரலைக் காப்பாற்றிவிடாது.

கடைப் பக்கம் போனால் எச்சரிக்கும் செயலி நம் ஊர்களில் நாள் முழுதும் ஓயாமல் கத்திக் கொண்டிருக்கும் என்பது வேறு விஷயம். 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிறதல்லவா? அந்த வருமானத்திலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரி ஈரல் நோயாளிகளுக்குத் தமிழில் இத்தகைய செயலியும், ஸ்மார்ட்போன் இல்லாத கூலியாளுக்குச் சாதாரணப் போனில் கூப்பிட்டு விசாரிக்க ஆளும் ஏற்படுத்தட்டும். அதில் பதிவாகும் விபரம் வைத்தியரைத் தவிர முதலாளிக்கோ போலீசுக்கோ போகக் கூடாதென்றும் சட்டம் செய்யட்டும்.